பெயர் வைத்தவள்

இளவரசி இதுவரை முப்பத்தேழு பேருக்குப் பெயர் வைத்திருக்கிறாள். அதில் ஒன்றுகூடக் குழந்தை இல்லை. எல்லாம் செத்துப்போனவர்கள். ரயில் நிலையத்திலும் பேருந்து நிலையத்திலும் கோயில் வாசலிலும் கேட்பாரில்லாமல் கிடந்து, போலீஸ் வந்து தூக்கி, கடலூர்ப் பிணவறையில் சொந்தக்காரர் யாராவது வருவார்களா என்று காத்திருந்தவர்கள். யாரும் வராவிட்டால் போலீஸ்காரர் ஒரு கடிதம் கொடுப்பார். அந்தக் கடிதத்தோடு போய் உடலை வாங்கி, கெடிலம் ஆற்றங்கரைச் சுடுகாட்டின் ஓரத்தில் புதைத்துவிட்டு வருவது இளவரசியும் இன்னும் நாலு பேரும் சேர்ந்து செய்கிற வேலை. யாரும் சொல்லிச் செய்வதில்லை, யாரும் கூலி கொடுப்பதும் இல்லை. ஐந்து பேரில் மூத்தவன் ஆரோக்கியராஜ். இருபத்தெட்டு வயது, கடலூர் முதுநகர்க்காரன், மினி லாரி ஓட்டுகிறவன். சின்னவள் இளவரசி, இருபத்துமூன்று வயது, சிதம்பரத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. ஊரில் இவர்களுக்குப் 'பொணக் கோஷ்டி' என்று பெயர். அப்படிச் சொல்லிச் சிரித்தவர்களில் ஒருத்தராவது ஒரு நாள் வந்து ஒரு கை பிடித்திருப்பாரா? கிடையாது.

பெயர் வைக்கிற பழக்கத்தைக் கொண்டுவந்தவளே இளவரசிதான். முதல் தடவை போனபோது உடலின் கால் கட்டைவிரலில் ஓர் அட்டை கட்டியிருந்தது. அட்டையில் ஓர் எண். போலீஸ் கடிதத்திலும் அதே எண்தான். குழிக்குள் இறக்குகிற நேரத்தில் அவளுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. "என்னாண்ணா இது, மூட்ட மேல எழுதுற மாதிரி? பெத்தவங்க பேரு வெக்காமயா வுட்டிருப்பாங்க?" என்று கேட்டுக்கொண்டே கத்தரிக்கோலை எடுத்து அட்டையை அறுத்து எறிந்தாள். அன்றிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது. அட்டையை அறுப்பாள். ஒரு பெயர் வைப்பாள். பிறந்த பிள்ளைக்குச் செய்வது மாதிரியே காதுப் பக்கம் குனிந்து மூன்று முறை அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவாள். அப்புறம்தான் மண் தள்ளுவார்கள். பெயரையும் தேதியையும் ஒரு பலகையில் பெயிண்டால் எழுதித் தலைமாட்டில் நடுவார்கள். "கல்யாணம் ஆவாத பொண்ணு சுடுகாட்டுக்குப் போவுது, இந்தக் கூத்த எங்க போய்ச் சொல்ல?" என்று அம்மா புலம்பாத வாரம் இல்லை. இளவரசி கொல்லைப்புறம் போய்த் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு வேலைக்குக் கிளம்பிவிடுவாள்.

இப்படிப் போய்க்கொண்டிருக்கையில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை பரிசோதனை நிலையத்துக்கு ஒரு பெண் வந்தாள். முப்பத்தைந்து வயது இருக்கும். ரத்தம் கொடுக்க வந்தவள் என்று நினைத்து, "சாப்புடாம வந்தீங்களாக்கா?" என்று கேட்டாள் இளவரசி.

"நீதான் இளவரசியா? ரயில்வே போலீஸ்ல உன் பேரச் சொன்னாங்க. எங்கம்மாவ நீங்கதான் அடக்கம் பண்ணீங்களாமே."

இந்த வேலை தொடங்கிய மூன்று வருஷத்தில் இப்படி யாரும் வந்து கேட்டதே இல்லை. அத்தனை பேரில் ஒருவருக்காவது ஒரு சொந்தம் வந்ததே என்று இளவரசிக்கு மனசு பொங்கிவிட்டது. நாற்காலியை இழுத்துப் போட்டாள், தண்ணீர் கொடுத்தாள்.

வந்தவள் பெயர் ரேகா. மங்கலம்பேட்டையில் தையல் கடை வைத்திருக்கிறாள். அவள் அம்மா ஞானாம்பாள். கடைசிக் காலத்தில் அம்மாவுக்கு ஞாபகம் தப்பிப்போய்விட்டது. சாப்பிட்ட கையோடு சாப்பாடு எங்கே என்பாள். பெற்ற மகளைப் பார்த்தே 'நீ யார் வூட்டுப் பொண்ணு?' என்பாள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஆனித் திருமஞ்சனத்துக்குத் தேர் பார்க்கச் சிதம்பரம் கூட்டிக்கொண்டு வந்தவள் ரேகாதான். கீழவீதியில் கூட்டம் நெட்டித்தள்ளியதில் பிடித்த கை நழுவியது. நழுவியது நழுவியதுதான். அன்றிலிருந்து விருத்தாசலம், திருப்பதி, வேளாங்கண்ணி என்று அவள் தேடாத இடமில்லை, போட்டோவைக் காட்டாத ஆளில்லை. போன வாரம்தான் யாரோ சொல்லிச் சிதம்பரம் ரயில்வே போலீசுக்குப் போயிருக்கிறாள். அடையாளம் தெரியாத உடல்களின் போட்டோ ஆல்பத்தை எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள். பதினோராவது பக்கத்தில் அம்மா இருந்தாள். தேர் முடிந்து நாலரை மாதம் அதே சிதம்பரத்தில் உயிரோடு இருந்திருக்கிறாள்.

"ஊரெல்லாம் தேடனேன். தொலைச்ச எடத்துல தேடலியே நானு," என்றாள் ரேகா. அவள் அழவில்லை. அழவேண்டிய இடத்துக்குப் போய் அழுதுகொள்ளலாம் என்று அடக்கிவைத்திருந்தாள் போலிருக்கிறது. "எனக்கு வேற ஒண்ணும் வேணாம் தங்கச்சி. எங்க வெச்சிருக்கீங்கன்னு காட்டு போதும். ஒரு சொட்டு பால் ஊத்திட்டு, ஒரு தடவ வாய்வுட்டு அழுதுட்டுப் போயிடறேன்."

போலீசில் எழுதிக் கொடுத்த சீட்டை நீட்டினாள். அதில் எண்ணும் அடக்கம் செய்த தேதியும் இருந்தன. நவம்பர் பதினேழு. இளவரசி தன் நோட்டை எடுத்துப் புரட்டினாள். அவள் கையெழுத்தில் இப்படி இருந்தது: 'பெண் இருவர். முத்தம்மாள். தில்லையம்மாள்.' அவ்வளவுதான்.

ஒரே நாளில் இரண்டு பேரைப் புதைத்தது இந்த மூன்று வருஷத்தில் அந்த ஒரு நாள்தான். ஒருத்தி சிதம்பரம் ரயில் நிலையத்தில் கிடைத்தவள், இன்னொருத்தி கடலூர் பேருந்து நிலையத்தில். இரண்டு பேருக்கும் ஏறக்குறைய ஒரே வயது, ஒரே உயரம். அன்றைக்கு மழை கொட்டோ கொட்டென்று கொட்டியது. குழி வெட்டுகிற உத்திராபதி, "தண்ணி ஏறுது, சீக்கிரம் எறக்குங்க" என்று கத்திக்கொண்டே இருந்தார். பிரேதப் பரிசோதனை முடிந்து தலை முதல் கணுக்கால் வரை வெள்ளைத்துணி சுற்றி வந்த உடல்கள். முகத்தை யாரும் திறப்பதில்லை. வண்டியிலிருந்து இறக்கியதுமே இளவரசி வழக்கப்படி இரண்டு அட்டைகளையும் அறுத்துவிட்டாள். குழிக்குள் இறக்கியபின் இரண்டு பெயர்களைச் சொல்லிக் கூப்பிட்டாள். எந்த எண்ணுக்கு எந்தப் பெயர் என்று எழுதிவைக்க அவளுக்குத் தோன்றவே இல்லை. எண்ணே கூடாது என்று வீம்பு பிடித்தவளுக்கு எப்படித் தோன்றும்? ஒரு நாளைக்கு ஒருவர் என்றால் தேதியை வைத்துக் கண்டுபிடித்துவிடலாம். அன்றைக்கு இரண்டு பேர்.

அரைநாள் லீவு சொல்லிவிட்டு ரேகாவைச் சிதம்பரம் பேருந்து நிலையத்துக்குக் கூட்டிப்போனாள். அவளைக் கடலூர் வண்டி நிற்கிற இடத்தில் நிறுத்திவிட்டு, தள்ளிப்போய் ஆரோக்கியராஜுக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னாள்.

"யார மொதல்ல எறக்கனோம்? உனக்கு ஞாபகம் இருக்காண்ணா?"

"அந்த மழைல எனக்கு என்னா தெரியும்? அட்டைய அறுத்தவ நீ." சொன்ன பிறகு அவன் குரல் இறங்கியது. "சரி, கேளு. ஏதாச்சும் ஒண்ணக் காட்டிடுவோம். அந்தக்கா அழுதுட்டு நிம்மதியாப் போவட்டும்."

"பொய் சொல்லச் சொல்றியா?"

"பொய்தான். வேற என்னா பண்ணுவ? பொணத்த மாத்திட்டாங்கன்னு வெளிய தெரிஞ்சா, நாளைக்கு எந்தப் போலீஸ்காரரு நம்மகிட்ட லெட்டர் குடுப்பாரு? இதுக்கப்புறம் கெடக்கறவங்கள யாரு வந்து எடுப்பா? ஒரு தப்புக்கு எல்லாத்தையும் இழுத்து மூடணுமா? நீயே சொல்லு."

அவன் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. அதுதான் தொல்லையே. சுத்த அயோக்கியத்தனமாக இருந்தால் 'போண்ணா' என்று போனை வைத்திருப்பாள். ரேகாவைக் கூட்டிக்கொண்டு வண்டியில் ஏறிவிட்டாள்.

இருவரும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். வண்டி பி.முட்லூரைத் தாண்டியது. ரேகா ஒவ்வொன்றாகக் கேட்க ஆரம்பித்தாள்.

"எந்தப் பக்கம் தல வெச்சிப் படுக்க வெச்சீங்க?"

"தெக்கக்கா."

"பூ போட்டீங்களா?"

"போட்டோம்க்கா. மஞ்சத்தண்ணி தெளிச்சி, சாமந்திப்பூ போட்டோம்."

எல்லாவற்றுக்கும் உண்மையையே சொல்ல முடிந்தது. இரண்டு பேருக்கும் செய்தது ஒன்றுதானே! புதுச்சத்திரம் தாண்டியதும் ரேகா அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். "பெத்த பொண்ணு நானு, நடுரோட்ல கைய வுட்டுட்டேன். யாரு பெத்த பொண்ணோ நீ, நீ வந்து தூக்குன. நீ நல்லா இருக்கணும்டியம்மா," என்றாள்.

அந்தக் கையை உருவிக்கொள்ளவும் இளவரசியால் முடியவில்லை, வைத்திருக்கவும் முடியவில்லை. சொல்லிவிடு, இப்போதே சொல்லிவிடு என்று மனசு அடித்துக்கொண்டது. வாய் திறந்தால்தானே? சிப்காட் தொழிற்பேட்டை நிறுத்தத்தில் இரவு ஷிப்ட் முடிந்த கூட்டம் திமுதிமுவென்று ஏறியது. நெரிசலில் பேச்சு நின்றுபோனது. அப்பாடா என்று இருந்தது அவளுக்கு. அப்படி இருந்ததற்காகத் தன் மேலேயே அவளுக்கு வெறுப்பாகவும் இருந்தது.

சுடுகாட்டு வாசலில் ஆரோக்கியராஜ் நின்றுகொண்டிருந்தான். உள்ளே வேப்பமரத்தடியில் உத்திராபதி மண்வெட்டியோடு உட்கார்ந்திருந்தார். இளவரசி நேரே அவரிடம் போய்க் குனிந்து கேட்டாள். "மாமா, அந்த மழ நாள்ல ரெண்டு பேரு வந்தாங்களே. சிதம்பரத்துலேந்து வந்தவங்க எந்தக் குழின்னு உங்களுக்கு நெனவு இருக்கா?"

"குழி வெட்டுனவன் நானு. வந்து படுத்தது யாருன்னு நான் எங்கம்மா பாத்தேன்? தண்ணிய மொண்டு ஊத்தவே எனக்கு நேரம் போதல," என்றார் அவர்.

இருந்த கடைசி நம்பிக்கையும் போயிற்று. ஓரத்தில் பலகைகள் வரிசையாக நின்றன. மூன்றாவது வரிசையில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு மேடுகள், நடுவில் ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு இடைவெளி. ரேகா அங்கே வந்து நின்று, "எது?" என்று கேட்டாள்.

இளவரசி வாயைத் திறந்தாள். அதற்குள் ஆரோக்கியராஜ் யார் முகத்தையும் பார்க்காமல் இடது பக்கத்து மேட்டைக் காட்டினான். "இதுதாங்க்கா."

ரேகா அப்படியே விழுந்தாள். "எம்மா... என்னப் பெத்த எம்மா..." என்று அந்த மண்ணை இரண்டு கையாலும் வாரிக் கட்டிக்கொண்டு கதறினாள். இரண்டு வருஷத்து அழுகை. உத்திராபதி எழுந்து நின்று, தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார். எத்தனையோ அழுகை பார்த்த மனுஷன் அவர்; இந்த இடத்தில், இந்தப் பலகைகளுக்கு நடுவில், யாரும் அழுது அவரும் பார்த்ததில்லை.

இளவரசி வலது பக்கத்து மேட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருவேளை அந்த அம்மா இங்கே படுத்திருந்தால்? பெற்ற மகள் இத்தனை தூரம் தேடிவந்து, ஒரு முழம் தள்ளி, முதுகைக் காட்டிக்கொண்டு அழுகிறாளே. அதை நினைத்ததும் அவள் ரேகாவின் பக்கத்தில் போய்க் குனிந்தாள்.

"அக்கா, அது உங்க அம்மாதான்னு எங்களுக்குத் தெரியாதுக்கா."

"இளவரசி!" என்று அதட்டினான் ஆரோக்கியராஜ்.

"சும்மா இருண்ணா." அவள் மடமடவென்று சொல்லி முடித்தாள். மழை, இரண்டு பேர், அறுத்த அட்டைகள், எழுதாமல் விட்டது, எல்லாவற்றையும். "இந்த ரெண்டுல ஒண்ணு உங்க அம்மாக்கா. எதுன்னு தெரியல. தப்பு என்னுது. வேற யாரும் பண்ணல, நான்தான் பண்ணேன்."

ரேகா எழுந்தாள். முகமெல்லாம் மண். பலகைகளை அப்போதுதான் படித்தாள். "முத்தம்மாளா? யாரு முத்தம்மா? யாரு தில்லையம்மா?"

"நான் வெச்ச பேருக்கா."

"பேரு வெக்க நீ யாருடி?" சுடுகாடே அதிர்கிற மாதிரி கேட்டாள் ரேகா. "எங்கம்மாவுக்குப் பேரு இல்லன்னு உங்கிட்ட யாரு சொன்னா? ஞானாம்பாள்! எங்க தாத்தா ஆச ஆசயா வெச்ச பேருடி அது. அந்த நம்பராச்சும் இருந்திருந்தா எங்கம்மா எனக்குக் கெடச்சிருப்பா. அதயும் அறுத்துப் போட்டுட்டு, பெரிய புண்ணியம் பண்ணிட்டேன்னு நின்னியா?"

இளவரசியின் தோளில் ஓங்கி ஓர் அடி வைத்தாள். இன்னொன்றும் வைத்தாள். ஆரோக்கியராஜ் ஓடிவந்தான். "நீ வராதண்ணா," என்றாள் இளவரசி. அடி வலிக்கவில்லை. ரேகா கேட்டதுதான் வலித்தது. நல்லது செய்கிறோம் என்கிற நினைப்பில் எவ்வளவு தலைக்கனம் பிடித்து இருந்திருக்கிறோம் என்று வெட்கமாக இருந்தது. நின்ற இடத்திலேயே நின்று அழுதாள்.

ஆரோக்கியராஜ் கைகட்டிக்கொண்டு வந்து ரேகாவின் எதிரில் நின்றான். "மன்னிச்சிடுங்கக்கா. பொய் சொல்லச் சொன்னது நான்தான். ஒரு வழி இருக்குது. கோட்டாட்சியர்கிட்ட மனு குடுத்தா, தோண்டி எடுத்து டி.என்.ஏ. டெஸ்ட் பண்ணிப் பாக்கலாம். நானே கூட வந்து அலையறேன். எங்க மேல கேசு வந்தாலும் வரட்டும்."

"ரெண்டு குழியயும் தோண்டணுமா?"

"ஆமாங்க்கா. ரெண்டயும் தோண்டித்தான் பாக்கணும்."

ரேகா வலது பக்கத்து மேட்டைத் திரும்பிப் பார்த்தாள். "இன்னொருத்தவங்க யாரு?"

"தெரியாதுக்கா. கடலூர் பஸ் ஸ்டாண்டுல கெடந்தவங்க. அவுங்களுக்கு யாரும் வரல," என்றான்.

"இன்னும் வரலன்னு சொல்லு."

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. ரேகா இரண்டு மேடுகளுக்கும் நடுவில் இருந்த இடத்தில் உட்கார்ந்தாள். ஒரு கை இந்தப் பக்கத்து மண்ணில், ஒரு கை அந்தப் பக்கத்து மண்ணில். இரண்டையும் தடவிக்கொடுத்தபடியே பேசினாள்.

"தோண்ட வேணாம். எங்கம்மா அலஞ்சது போதும். அந்தம்மாவும் அலஞ்சிதான் வந்திருப்பாங்க. படுத்துக் கெடக்கறவங்கள எழுப்பி யாரு நீ, யாரு நீன்னு கேக்க வேணாம்."

தோள்பையிலிருந்து ஒரு புதுப்புடவையை எடுத்தாள். பிறந்த பெண் தாய்க்குப் போடவேண்டிய கோடி. ஒரே ஒரு புடவைதான் வாங்கிவந்திருந்தாள். மடிப்பை உதறி, ஒரு முனையை இளவரசி பக்கம் நீட்டி, "புடி" என்றாள். குரலில் கோபம் இன்னும் இருந்தது. இளவரசி பிடித்தாள். இடது மேட்டின் ஓரத்திலிருந்து விரித்துக்கொண்டே போனார்கள். இரண்டு மேட்டையும் மூடிய பிறகும் புடவை மிச்சம் இருந்தது. கொண்டுவந்திருந்த பாலையும் இரண்டு இடத்திலும் ஊற்றினாள். ஊற்றும்போது "எம்மா" என்றாள். இந்த முறை சத்தமில்லாமல் அழுதாள்.

இளவரசி கண்ணைத் துடைத்துக்கொண்டு போய், உத்திராபதியின் கொட்டகையிலிருந்து பெயிண்ட் டப்பாவையும் பிரஷ்ஷையும் எடுத்துவந்தாள். "அக்கா, நான் வெச்ச பேர அழிச்சிட்டு உங்க அம்மா பேர எழுதிடறேன். ரெண்டு பலகைலயும் எழுதிடறேன்."

"எழுதாத," என்றாள் ரேகா.

"ஏன்க்கா?"

"நாளைக்கு அந்தம்மாவத் தேடி ஒருத்தி வருவா. ரெண்டு பலகைலயும் எங்கம்மா பேரப் பாத்தான்னா, தன்னோட அம்மா இங்க இல்லன்னு நெனச்சிக்கினு திரும்பிப் போயிடுவா. ரெண்டு வருஷமா நான் அப்படித்தான் ஊரு ஊராத் திரும்பிப் போனேன். நம்பர எழுது. ரெண்டு பலகைலயும் ரெண்டு நம்பரயும் எழுது."

போலீஸ் கடிதங்களின் நகல் ஆரோக்கியராஜ் போனில் இருந்தது. அவன் படிக்கப் படிக்க, இளவரசி மண்டியிட்டு எழுதினாள். ஓர் எண் கோணலாகிவிட்டது. அதைத் துடைத்துவிட்டு மறுபடி எழுதினாள். ரேகா கடைசி எண் காயும்வரை பக்கத்திலேயே நின்றாள். "இனிமே அட்டைய அறுக்காத. பேரு வெய்யி, வேணாங்கல. அட்டையும் இருக்கட்டும்," என்றாள்.

"அறுக்கமாட்டேன்க்கா."

வாசல்வரை மூன்று பேரும் நடந்தார்கள். ஆட்டோ வந்து நின்றது. ஏறப்போன ரேகா, ஏறாமல் திரும்பினாள். "உன் நோட்ட எடு," என்றாள். தன் போன் நம்பரை ஒவ்வோர் எண்ணாகச் சொன்னாள். இளவரசி எழுதியதை வாங்கிச் சரிபார்த்தாள்.

"அந்தம்மாவோட பொண்ணு எப்ப வந்தாலும் எனக்குப் போன் போடு. பத்து வருஷம் ஆனாலும் போடு. நான் வர்ற வரைக்கும் நீ அவகிட்ட ஒண்ணும் சொல்லாத. நீ சொன்னா அவ தாங்கமாட்டா. நான் பக்கத்துல உக்காந்து சொல்றேன்."